ஒன்பதாவது விநாடி

'இன்னும் கொஞ்சம்'காரர்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். சுவரில் மாட்டிய படம் கோணலாக இருக்கிறது என்று வருஷம் முழுக்க நிமிர்த்துவார்கள்; படத்தில் இருப்பது யார் என்று கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பொழுதுக்கும் கேட்பது அவர் உத்தியோகம். கடையில் அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் மனைவி உண்டு.

அந்த அம்மாள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். விண்கலம் ஓட்டி எதிரிகளைச் சுடுகிற பழைய வீடியோ கேம் ஒன்றின் மேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. ஒருநாள் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டார். கணவர் கூடத்து மூலையைக் காலி செய்து, பிளைவுட்டை அறுத்து, திரையும் கைப்பிடியும் ஆறு பொத்தானும் வைத்து, ஆளுயரத்தில் ஒரு பெட்டியை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரப்பட்டுவிட்டார்.

"சவுண்ட் எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"நல்லா இருக்கே."

"டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

"டப்பாக்குள்ள இருந்துதானே வருது?"

இந்த மாதிரி உண்மைகளை இவர்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் பெரிதாக இரண்டு வாங்கினார். பெரிதுக்கு ஓட்டை போதவில்லை என்று பலகையை மறுபடி அறுத்தார். அறுத்த பலகை அதிர்கிறது என்று உள்ளே பஞ்சு ஒட்டினார். பஞ்சு சத்தத்தை விழுங்குகிறது என்று அடியில் தனியாக ஒரு பேஸ் ஸ்பீக்கரைச் சேர்த்தார். அது போட்ட உறுமலில் சமையலறைத் தட்டுகள் கிடுகிடுக்க, தட்டுக்குத் தட்டு துணி செருகினார். எல்லாம் அடங்கியபின் 'ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. அவருக்கு மட்டும்.

இவ்வளவுக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும்போது எட்டு விநாடி ஓர் இசை வரும். போடுவார், கேட்பார், அணைப்பார். நான்கு மாதத்தில் அந்த எட்டு விநாடி பால் போடுகிறவர் வாயில்கூட ஏறிவிட்டது. ஒன்பதாவது விநாடியில் என்ன நடக்கும்? பெட்டியைச் செய்தவருக்கே தெரியாது.

ஒருநாள் மனைவியின் அண்ணன் வந்தார். "மாப்பிள்ளை, ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார்.

"தாராளமா. முதல்ல இதைக் கேளுங்க. ம்... இப்ப இதைக் கேளுங்க. எது தெளிவா இருக்கு?"

பதினோராம் முறையும் "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, மைத்துனர் செருப்பைத் தேடிப் போனார்.

ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சுக்கு மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மனைவி தொடவில்லை. மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து, சத்தமே இல்லாமல் ஆடினார். கணவர் ஆறு மணிக்கு வரும்போது பெட்டி அணைந்திருக்கும். நாள் முழுக்கக் கடிதம் பிரித்த கைக்கு எதிரி விமானங்கள் எம்மாத்திரம்? ஐந்து கட்டங்கள் தாண்டினார். ஆறாவதைத் தாண்டி ஏழாவதுக்கு, அதாவது கடைசிக்கு, போகத்தான் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரே வந்து கேட்டார். "நீ சும்மா ஆடிக்கிட்டிரு. நான் ரூம் ரூமா நின்னு கேட்டுப் பார்க்கிறேன்."

மனைவி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் சமையலறையில் நின்றார், படுக்கையறையில் நின்றார், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டும் நின்றார். கடைசியில் மாடிப்படிக்குப் போனார். அங்கே இருக்கும்போது பாட்டு நின்றுபோய், 'டொம்... டொம்...' என்று படிக்கட்டையே அதிரவைக்கிற ஒரு சத்தம் வந்தது. நான்கு மாத உழைப்பு எரிகிறது என்று நினைத்தார். இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை இருண்டது.

"நல்லவேளை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா ஆம்ப்ளிஃபயர் போயிருக்கும்."

மனைவி கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது பாட்டுங்க."

"எது?"

"ஏழாவது கட்டத்துப் பாட்டு. இன்னைக்குத்தான் முதல் தடவையா அங்க போனேன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. "நீ எப்ப ஆடிப் பழகின?"

"நீங்க கடையில இருக்கும்போது."

"சவுண்டே இல்லாமலா?"

"தொடாதேன்னு எழுதி வெச்சிருக்கீங்களே."

மனைவி எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். கணவர் பிளக்கைச் சொருகி, அந்த ஏழாவது கட்டத்துக்குத் தானே போய்ச் சேர்ந்து மனைவியைக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தார். மதியம்வரை ஆடினார். முதல் கட்டத்தின் முதல் எதிரியே அவரை விடவில்லை. ஸ்டூலில் இருந்தபடியே குனிந்து அந்தத் 'தொடாதே' சீட்டைக் கிழித்தார். பசை பாதி ஒட்டிக்கொண்டதால் நகத்தால் சுரண்டினார்.

மூன்றாவது ஞாயிறன்று மனைவி மறுபடி ஏழாவதைத் தொட்டார். கணவர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். 'டொம்... டொம்...' தொடங்கியது. பிளக்கைப் பார்த்தார், பார்த்ததோடு சரி. நான்கு நிமிஷம் கழித்துப் பெரிய எதிரி வெடித்துச் சிதறியபோது, அவரையறியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்தது?" என்றார் மனைவி.

"ரொம்ப நல்லா இருந்தது." சற்று நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "வலது பக்கம் மட்டும்..."

மனைவி ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கையோடு இதை உங்கள் வீட்டில் இருப்பவரிடமும் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்காமல், "இதை எழுதினவருக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டால், மேற்கொண்டு விசாரிக்காதீர்கள்.