ஒண்ணொண்ணு செய்த ஒரே தப்பு

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதைக் காட்டினாலும் "மொத்தமா மாத்திடுங்க சார்" என்பவர்கள் ஒரு வகை. ஒண்ணொண்ணு இன்னொரு வகை. அந்த வகையில் சென்னை முழுக்க அவர் ஒருவர்தான்.

நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. ராயப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் மேஜை போட்டிருந்தார். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் சார் மாத்தணும். ரெண்டு மாத்தினா, எது தப்புன்னு சாவுற வரிக்கும் தெரியாது" என்பது அவருடைய வேதம். அதனால் அந்தப் பெயர்.

வேதம் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. ஒருமுறை கையில் அரிப்பு வந்தது. முதல் நாள் சோப்பை நிறுத்தினார். மறுநாள் சோப்பைச் சேர்த்துக்கொண்டு தேங்காயெண்ணெயை நிறுத்தினார். அப்புறம் கத்தரிக்காய், கருவாடு என்று வரிசையாகப் போய், பதினோராம் நாள் வாட்ச் பட்டையைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

கல்யாணமான புதிதில் மனைவி வேறு வீடு பார்க்கலாம் என்றாராம். "ஒரு வருஷம் போவட்டும். இப்பவே வீட்டையும் மாத்திட்டு, நாளைக்கு நமக்குள்ள சண்டை வந்தா, கல்யாணத்தால வந்துச்சா, வீட்டால வந்துச்சான்னு எப்டி கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். சண்டை அன்றைக்கே வந்தது. காரணமும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

எங்கள் வீடு சாந்தோமில். என் மனைவி ஸ்டெல்லா கணக்கு டீச்சர். வேலை போய் எட்டு மாதமாக வீட்டில் இருந்தாள். அடையாறில் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆன்லைனில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் எங்கள் கம்ப்யூட்டரில்தான் தயார் செய்திருந்தாள். அந்த வாரம் பார்த்து அதற்குக் கிறுக்குப் பிடித்தது. திடீரென்று திரை நீலமாகும். மெமரி எர்ரர் என்று ஏதோ சொல்லும். தானாக அணையும், தானாக எழும். சில நாள் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பரம சாது.

திங்கட்கிழமை ஒண்ணொண்ணு வந்தார்.

"இன்னா டீச்சர் பண்ணுது?"

"எப்ப வேணா ரீஸ்டார்ட் ஆகுதுங்க."

"எப்ப வேணான்னு ஒண்ணு கிடையாது டீச்சர். நாம நோட் பண்ணலன்னு அர்த்தம்" என்று ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு தடவை அணையும்போதும் நேரம் எழுத வேண்டுமாம்.

உள்ளே மெமரிக்கான ரேம் பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து டெஸ்ட் ஓடவிட்டார். திரையையே பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம். சுத்தம். செவ்வாய்க்கிழமை அடுத்த ரேம். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். "மாட்னான் பாரு!" என்று கத்தினார். கீழ்வீட்டுக்காரர் திருடனோ என்று ஓடி வந்தார். கெட்ட ரேமை எடுத்து வீசினோம். ஸ்டெல்லா பாயசம் வைத்தாள்.

பாயசம் ஆறுவதற்குள் மெஷின் மறுபடி ரீஸ்டார்ட் ஆனது.

ஒண்ணொண்ணுவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "ஒரே ஒடம்புல ரெண்டு வியாதி கீது சார்" என்றார், நம்பிக்கைத் துரோகம் செய்யப்பட்டவர் மாதிரி. மிச்சமிருந்த சந்தேகம் இரண்டு. ஒன்று, ரேமைச் செருகும் ஸ்லாட். இன்னொன்று, கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை. புதன்கிழமை அவர் வீட்டில் ஏதோ விசேஷம். வியாழன் ரேமைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்ப்பது, வெள்ளி விடியற்காலை பவர் சப்ளை என்று நோட்டில் எழுதினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து போன். மாதிரி வகுப்பை இன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா? பத்தரைக்கு?

ஒண்ணொண்ணு வந்து சேரும்போது மணி பத்து.

"ரெண்டையும் ஒண்ணா மாத்திடுங்களேன்" என்றேன்.

"வாய கழுவுங்க சார்."

ஸ்டெல்லா புடவை கட்டித் தயாராக, கம்ப்யூட்டரைக் கீழே இறக்கியதில் காலியான மேஜை எதிரே உட்கார்ந்து கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒண்ணொண்ணு அவளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடித் திறந்து, ஸ்லாட்டையும் மாற்றினார், பவர் சப்ளையையும் மாற்றினார். இரண்டையும். ஒரே நேரத்தில்.

நாற்பது நிமிஷம் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. ஸ்டெல்லா அபாரமாக வகுப்பெடுத்தாள். மறுநாளே வேலை உறுதியாயிற்று.

சனிக்கிழமை காலை வாசலில் ஒண்ணொண்ணு நின்றார். தாடி மழிக்கவில்லை. பையில் எங்கள் பழைய பவர் சப்ளை.

"டீச்சர், எதுன்னு தெரியாம எனக்கு சோறு எறங்கல. பழச திரும்பப் போட்டுப் பாக்கணும். ரீஸ்டார்ட் ஆனா நான் மனுசனாயிடுவேன்."

நன்றாக ஓடுகிற மெஷினைக் கெடுப்பதற்கு அனுமதி கேட்டு வந்த முதல் மெக்கானிக். ஸ்டெல்லா கதவை அகலத் திறந்துவிட்டாள். அவர் பழையதைப் பொருத்திவிட்டுத் திரை எதிரே உட்கார்ந்தார். மத்தியானம் எங்களோடு மீன்குழம்பு சாப்பிட்டார். தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மூன்றே முக்காலுக்குத் திரை கறுத்தது. மெஷின் அணைந்து எழுந்தது.

"இதான்! இதேதான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். புதியதை மறுபடி பொருத்திவிட்டு, மனிதராகி, பையைத் தோளில் மாட்டினார்.

"அப்ப அந்த ஸ்லாட்?" என்றாள் ஸ்டெல்லா. "அதுவும் கெட்டிருக்கான்னு பாக்க வேண்டாமா?"

செருப்பில் கால் நுழைத்தவர் அப்படியே நின்றார். கண் பளபளத்தது. "பாக்கணும் டீச்சர். ஆனா அது வேற நாள்."

"நாளைக்கு வாங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பட்டினப்பாக்கத்துல காலைலயே வஞ்சிரம் மீன் வாங்கி வெச்சுடறேன்."

அவர் படியிறங்கிய பிறகு, "அந்த ஸ்லாட் இல்லாமலே நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

"ஓடட்டுமே" என்றாள். "நாளைக்கு அவர் வரட்டும்."