சுறுசுறுப்பு வாரமும் ஒரு நண்டு வளையும்

காரியங்களைத் தள்ளிப்போடும் பழக்கம் மக்களிடையே பெருகி வருவதாக அரசாங்கத்துக்குத் தகவல் கிடைத்தது. தகவல் கிடைத்து மூன்று வருஷம் கழித்து அதை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி கூடுவதற்குத் தேதி குறிப்பதில் சில சிரமங்கள் இருந்தன. ஒருவழியாக 1958-இல் புதுக்கோட்டையில் 'தாமத ஒழிப்புத் தனி அலுவலகம்' திறக்கப்பட்டது. இடம், சமஸ்தான காலத்துக் குதிரை லாயம். குதிரைகள் நாற்பத்தெட்டிலேயே போய்விட்டன. வாசனைக்கு மட்டும் இன்னும் மாற்றல் உத்தரவு வரவில்லை.

தனி அதிகாரியாக வந்தவர் அழகுமலை, பி.ஏ. உண்மையான ஆர்வம் உள்ளவர். மனிதன் ஏன் தள்ளிப்போடுகிறான் என்று ஆறு மாதம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வேலை பெரியது என்று பயப்படுகிறான். அல்லது இன்னொருவன் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறான். இதற்கு மருந்து ஒன்றுதான். சின்னதாக ஒரு காரியத்தை எடு. அதை இன்றே முடி. பார்த்தவன் எல்லாம் தானே பின்னால் வருவான்.

மருந்து சரியானதுதான். அதை ஊட்டுவதற்கு ஒரு விழா வேண்டும் அல்லவா? புரட்டாசியில் 'சுறுசுறுப்பு வாரம்' கொண்டாடுவதென்றும், சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்து ஒரு சின்னக் காரியத்தைத் தம் கையால் அப்போதே முடித்துக் காட்டுவதென்றும் தீர்மானமாயிற்று. சட்டையில் குத்திக்கொள்ள 'இன்றே' என்று எழுதிய பேட்ஜுகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். குறைவாக இருந்தது சின்னக் காரியம் ஒன்றுதான்.

அது ஆவூர்ப் பக்கம் செங்குளத்துப்பட்டியில் கிடைத்தது.

செங்குளத்துப்பட்டியில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. நடுவில் மாதா கோயில். ஊருக்குக் கிழக்கே கண்மாய். கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒரு நண்டு வளை போட்டிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட வேலைகளை முன்னெல்லாம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து ஊரே செய்துவிடும். அதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. கரையில் விழும் முதல் கூடை மண் எந்தத் தெருவின் கூடை என்பது மரியாதைச் சமாசாரம். மேலத்தெரு முதல் கூடை போட்டால் கீழத்தெரு கரையில் கால் வைக்காது. கீழத்தெரு போட்டால் மேலத்தெரு கோயிலுக்கே வராது. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த பிறகு இரு தெருவாரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். யாரும் கூடையைத் தொடுவதில்லை, மனு கொடுப்பார்கள்.

அழகுமலை ஜீப்பில் வந்து இறங்கி, வளையில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுதான்! இதைவிடச் சின்னக் காரியம் ஜில்லாவிலேயே இருக்காது."

வளைக்கு நேர் கீழே இருந்தது அடைக்கலமேரியின் அரைக்காணி வயல். அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன். கடிதம் மட்டும் வரும். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது அந்த அரைக்காணியில்தான். அவள் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, ரெண்டு கூடை களிமண்ணைப் போட்டு மிதிச்சா அடைஞ்சு போகுங்க."

"அதைத்தானம்மா செய்யப் போகிறோம். வருகிற மாதம்."

"மழை வந்துருமேங்க. இன்னைக்கே போட்டா என்னங்க?"

அழகுமலை பொறுமைசாலி. குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். "இன்றைக்கே போட்டுவிட்டால், 'இன்றே' வாரத்தில் எதைப் போடுவது?"

கீழத்தெருப் பெரிய மனிதர் பங்கிராஸ் தலையை ஆட்டினார். "அதானே! சர்க்கார் கையால மொதக் கூடை விழுகட்டும். ரெண்டு தெருவுக்கும் கௌரவம்." இதை மேலத்தெருச் சந்தனசாமியும் ஒத்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். வளைக்கு அருகில் ஒரு பலகை நட்டார்கள்: 'மாதிரிக் காரியம். தொடாதே.'

இதற்கிடையில் புதுக்கோட்டையில் சுறுசுறுப்பு ஒரு மோஸ்தராகப் பரவிவிட்டது. சர்க்கார் கச்சேரிகளில் குமாஸ்தாக்கள் வணக்கம் சொல்வதை விட்டு, 'இன்றே!' என்று கை உயர்த்திக்கொண்டார்கள். மனுவோடு வந்தவனைப் பார்த்து, "இன்றே! நாளைக்கு வா" என்றார்கள். கீழ ராஜ வீதியில் 'இன்றே காபி கிளப்' திறந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'சுறுசுறுப்பு' என்று அடைமொழி போட்டார்கள். பேட்ஜுகள் மட்டும் வந்து சேரவில்லை. பேட்ஜ் இல்லாமல் வாரத்தை நடத்த முடியாதாகையால், தவிர்க்க முடியாத காரணங்களால் சுறுசுறுப்பு வாரம் ஐப்பசிக்கு ஒத்திவைக்கப்பட்டது. பேட்ஜ் வந்தபோது பெரியவருக்கு ஒழியவில்லை. மறுபடி ஒத்திவைத்தார்கள்.

நண்டு வளைக்கு ஒத்திவைக்கத் தெரியவில்லை. விரல் நுழைந்த இடத்தில் கை நுழைந்தது. வயலில் நட்டிருந்த பயிர் வரப்பு ஓரமாகச் சாயத் தொடங்கியது. அடைக்கலமேரி பங்கிராஸிடம் போனாள்.

"சித்தப்பா, மேகத்தைப் பாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"கவர்ன்மெண்டு போர்டு நட்டிருக்குல்ல? அப்புறம் என்ன பயம் ஒனக்கு?"

"போர்டு தண்ணியை நிறுத்துமா சித்தப்பா?"

"பொம்பளை பேசுற பேச்சா இது? போ, போயி ஒலையைப் பாரு."

அவள் போய் உலையைப் பார்த்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். அது வேகிற நேரத்தில் கண்மாயில் இறங்கி, கரம்பை மண்ணும் வைக்கோலும் பிசைந்து, வளைக்குள் திணித்து, மேலே இரண்டு கூடை களிமண் போட்டு, ஏறி மிதித்துவிட்டு வந்து சோற்றை வடித்தாள். கசிவு நின்றது.

சோறு ஆறுவதற்குள் ஊர் கூடிவிட்டது.

"மொதக் கூடையை யாரைக் கேட்டுப் போட்டே?" என்றார் சந்தனசாமி.

"யாரையும் கேக்கலைங்க மாமா. தண்ணி போச்சு, அடைச்சேன்."

"எந்தத் தெருக் கணக்குல போட்டே?"

"பொறந்தது கீழத்தெரு. வாக்கப்பட்டது மேலத்தெரு. வேணும்னா தெருவுக்கு ஒரு கூடையின்னு வச்சுக்கங்களேன்."

இதில் இரண்டு தெருவின் மானமும் ஒரே சமயத்தில் போயிற்று. சைக்கிளில் ஆள் பறந்தது. ஜீப் வந்தது. அழகுமலை, அடைபட்ட இடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, என்ன காரியம் செய்துவிட்டாய்! அடுத்த வாரம் பெரியவர் வருகிறார். அவர் எதை அடைப்பார்?"

"வேற நண்டு வளை இருக்குங்க ஐயா. மேற்கே ரெண்டு கெடக்கு."

"இதற்குத்தான் சாங்ஷன் ஆகியிருக்கிறது. இந்த வளைக்கு நம்பர் இருக்கிறது. அதற்கெல்லாம் நம்பர் இல்லை."

பிறகு அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து அங்கேயே உத்தரவு எழுதினார்: பொதுநலனை முன்னிட்டு, மேற்படி ஓட்டையை அதன் பூர்வ நிலைக்கு உடனடியாகக் கொண்டுவர வேண்டியது.

செங்குளத்துப்பட்டி அதற்கு முன்னும் பின்னும் காணாத காட்சி அது. இரண்டு தெரு ஆண்களும் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். யார் வெட்டு முதல் வெட்டு என்று யாரும் கேட்கவில்லை. பங்கிராஸ் வெட்ட, சந்தனசாமி மண்ணை அள்ளினார். அடைக்கலமேரி குறுக்கே வந்து நின்றாள். "என் பிள்ளைக சோறுங்க இது!" என்றாள். அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பெரியவருக்குக் கொஞ்சம் பார்வைக் குறைவு என்று கேள்விப்பட்டதால் ஓட்டையைத் தாராளமாகவே வெட்டினார்கள். வேலை முடிந்ததும் அழகுமலைக்குக் கண் கலங்கியது. புகார், ஆய்வு, உத்தரவு, நிறைவேற்றம் எல்லாம் ஒரே மாலையில்! இத்தனை நாள் அவர் பேசி வந்தது வீண் போகவில்லை.

அந்த வாரமே மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை கரை போயிற்று. கண்மாய்த் தண்ணீர் முழுவதும் அரைக்காணி வழியாக நடந்து போய், போகும்போது பயிரை எடுத்துக்கொண்டு மணலை விட்டுச் சென்றது.

அடைக்கலமேரி புதுக்கோட்டைக்கு நடந்து போய் லாயத்து வாசலில் நின்றாள்.

"ஐயா, வயலு போச்சுங்க. ஒரு வழி சொல்லுங்க."

அழகுமலைக்கு உண்மையிலேயே வருத்தம். "எங்கள் அலுவலகத்தில் ஓட்டை மட்டும்தான் அம்மா வரும். இது உடைப்பு. உடைப்புக்கு வேறு இலாகா" என்றார்.

சுறுசுறுப்பு வாரம் நிற்கவில்லை. புதுக்கோட்டை மைதானத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, ஒரு பக்கம் சின்னக் கரை எழுப்பி, அதில் அளவாக ஓர் ஓட்டை போட்டார்கள். பெரியவர் வெள்ளிக் கரண்டியால் களிமண் எடுத்து அதை அடைத்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

வேறு இலாகா தை மாதம் வந்தது. உடைப்பை அடைக்கப் பெரிய எஸ்டிமேட். மேலத்தெரு, கீழத்தெரு எல்லோருக்கும் அன்றாடக் கூலி. கூலி வேலையில் முதல் கூடை என்று ஒன்று கிடையாது. விளையாத வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அடைக்கலமேரியும் கூடை எடுத்தாள். முதல் நாள், பழக்க தோஷத்தில், ஓட்டமும் நடையுமாக மண் சுமந்தாள். மேஸ்திரி வீரய்யா அவளை மறித்தார்.

"எங்கிட்டுத் தாயி இப்படி ஓடுறே? இது மார்ச்சுக் கடைசி வரைக்கும் வரணும். நீ ஒருத்தி மாசிக்குள்ள முடிச்சுப்புட்டா இத்தனை பேரு சோத்துக்கு எங்கே போவாங்க?"

அடைக்கலமேரி திரும்பிப் பார்த்தாள். புளியமர நிழலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பங்கிராஸ் நகர்ந்து இடம் விட்டார். "வா மேரி. இப்படி ஒக்காரு."

கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மாதம் அவள் வீட்டில் இரண்டு வேளையும் சோறு பொங்கியது. பெரியவளுக்குப் பாவாடை எடுத்தாள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் நடுப்பகலில் மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது. பாதிக்கு மேல் எழும்பியிருந்த புதுக் கரையையும் வானத்தையும் அடைக்கலமேரி மாறி மாறிப் பார்த்தாள்.

"சித்தப்பா, இந்த மழைக்கு இது கரைஞ்சிருமா?"

"கரைஞ்சாலும் கரையும். ஏன், பயமா இருக்கா?"

"அதில்லை" என்றாள் அவள். "அடுத்த வருஷமும் வேலை இருக்குமேன்னு கேட்டேன்."