பம்பாய் மாமா குலை தள்ளினார்

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். (அதுவும் வாத்தியார் இரக்கப்பட்டுத் தள்ளிவிட்ட எட்டு.) காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், ஞாயிறு தவறாமல் கோயில் என்று இருக்கிறவனுக்குப் பொய்யில் பழக்கமும் கிடையாது. அதனால்தான் பதற்றத்தில் சொன்ன ஒரு பொய்க்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்படி ஆகிவிட்டது.

எங்கள் ஊர் நெய்யூருக்குப் பக்கம். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்ததை மாடியாகக் கட்டினேன். மகள் கல்யாணமாகிப் போனபின் மாடி சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கடல் பார்க்க வருகிறவர்கள் என்று நாள் வாடகைக்கு விடலாமே என்று என் மனைவி ஸ்டெல்லா சொன்னாள். சரி என்று நான் தலையாட்டிய வாரத்தில்தான் பேரூராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும். தங்குகிறவர்களின் ஆதார் நகலைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். மீறினால் வீட்டுக்குச் சீல். சொந்தக்காரர்கள் வந்து தங்க மட்டும் உரிமம் தேவையில்லை.

உரிமம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மைக்கில் சொன்ன கடைசி வரி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஒரு காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே சீட்டில் ஒரு பெரியவரைப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு. மகன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பெயர் முருகேசன்.

"அண்ணாச்சி, இனிமே ஒண்ணும் செய்யதுக்கில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க ஊரு சங்கரன்கோவிலுக்கும் அங்கிட்டு. அது வரைக்கும் தாங்குறது கஷ்டம்னும் அவரே சொல்லுதாரு. அப்பாவை ரோட்டுல விட்றக் கூடாது அண்ணாச்சி. ஒரு கூரைக்குக் கீழ போகட்டும். லாட்ஜுல கேட்டேன், ஆளைப் பாத்ததும் ரூம் இல்லன்னுட்டாங்க."

ஸ்டெல்லா என்னைத் தனியாக இழுத்தாள்.

"இஞ்ச பாருங்க, லைசென்சு இன்னும் வரல்ல. சீல் வச்சா பொறவு நாமளும் ரோட்டுலதான் கெடக்கணும்."

"பெத்லகேமில எடமில்லன்னு கதவடைச்சவன் இன்னைக்கும் பேச்சு வாங்குதான். நமக்கு அது வேண்டாம்."

அவள் கஞ்சி வைக்கப் போய்விட்டாள். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேராக மாடிக்குத் தூக்கினோம். மகள் படுத்த கட்டிலில் கிடத்தினோம். ஸ்டெல்லா கஞ்சித் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு அவர் உதட்டை நனைத்தாள்.

அப்போதுதான் கீழே பைக் சத்தம் கேட்டது. பேரூராட்சி சுகாதார ஆய்வாளர்.

"லைசென்சு கேட்டிருந்தியள்லா? மாடியைப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

அவர் படியேறுவதற்குள் என் கழுத்தில் கிடந்த துண்டை, எங்கள் ஊர்த் துவர்த்தை, உருவிப் பெரியவரின் நெற்றியில் போட்டேன். காய்ச்சல்காரனுக்குப் போடுகிற மாதிரி. திருநீறு மறைந்தது. நிமிர்ந்தபோது ஆய்வாளர் கதவில் நின்றார்.

"இது யாரு?"

"மாமா."

"எந்த மாமா? ஒங்க அம்மைக்குக் கூடப்பொறந்த ஆம்பள ஒரே ஒருத்தரு. அவரும் சின்னதுலயே பம்பாய்க்கு ஓடிப்போயிட்டாருல்லா?"

(சின்ன ஊரில் அதிகாரியாக உள்ளூர்க்காரனைப் போடவே கூடாது.)

"அவருதான் சார். வந்துட்டாரு."

ஆய்வாளர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண் கலங்கியது. "இத்தன வருசம் கழிச்சா. கர்த்தர் பெரியவராக்கும்" என்று சொல்லிவிட்டு, கக்கூஸைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார். தேவன் என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்தேன். இந்த மாதிரி வேலைகளில் தேவனைக் கூட்டுச் சேர்க்கக் கூடாது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

காணாமல் போனவன் சாகக்கிடந்து திரும்பி வந்திருக்கிறான் என்றால் எங்கள் சபையில் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். உபதேசியார் வந்தார். பெண்கள் சங்கம் பாட்டுப் புத்தகத்தோடு வந்தது. முற்றத்தில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினார்கள். மாடியில் கால் வைக்க இடமில்லை.

முருகேசன் என் காதில் கேட்டான். "அண்ணாச்சி, இவங்கல்லாம் யாரு?"

"ஜெபம் பண்ண வந்திருக்காவ."

"எங்கப்பாவுக்கா?"

"ம்."

அவன் ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டான். அவன் அப்பா எனக்கு மாமா ஆகிவிட்ட விஷயத்தை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் கோட்டாற்றிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து என் சித்தி இறங்கினாள். அம்மாவின் தங்கை. அண்ணன் ஓடிப்போனபோது அவள் பாவாடை கட்டிய பிள்ளை. அன்றிலிருந்து எந்த ஜெபத்திலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்லுவாள். பொய்யை அவிழ்த்துவிட்டபோது அவள் நினைப்பு எனக்கு வரவே இல்லை. வலிக்கிற முட்டியோடு, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறி வந்தாள். பாட்டு நின்றது. கட்டிலில் உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தடவினாள். துவர்த்தை விலக்கினாள்.

மூன்று பட்டை.

அவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தளம் இடிந்து நான் கீழே போய்விட்டால் நல்லது என்று தோன்றியது. (நானே கூட நின்று போட்ட கான்கிரீட். இடியாது.)

"மக்கா, இஞ்ச வா."

குனிந்தேன்.

"இது அண்ணன் இல்ல."

"இல்ல சித்தி."

"இவரு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஆதார் கேட்டால் வாடகைக்கு விட்டதாகிவிடுமே என்ற பயத்தில் நான் அந்த மனிதரின் பெயரையே கேட்கவில்லை. என் வீட்டுக் கட்டிலில் செத்துக்கொண்டிருப்பவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. முருகேசனைப் பார்த்தேன்.

"சுடலைமுத்து, அம்மா" என்றான்.

சித்தி துவர்த்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "திருநீறு வச்சிருக்கியா மக்கா? துணி பட்டுக் கலஞ்சுபோச்சு. நீயே பூசி விடு." அவன் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். சித்தி அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"இவரு எங்க அண்ணன் இல்ல. பேரு சுடலைமுத்து. இவருக்காண்டி ஜெபம் பண்ணும்."

உபதேசியார் ஒருமுறை செருமிவிட்டு ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆமென் சொல்லும்போது பெரியவர் இல்லை. சித்தி அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"ரோட்டுல போகல" என்றான் முருகேசன். யாரிடம் என்றில்லாமல் அதையே மறுபடியும் சொன்னான்.

சித்தி சொன்னது மாடியில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. முற்றத்தில் இருந்தவர்களுக்கு அழுகை மட்டும் கேட்டது. ஒருவர் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்துவிட்டார். இன்னொருவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அக்காவுக்குப் பக்கத்தில்தானே தம்பியை வைக்க வேண்டும் என்று அவராகவே முடிவுசெய்து, என் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டார்.

நான் பேரூராட்சி அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். மரணத்தையும் அதே ஆய்வாளரிடம்தான் சொல்ல வேண்டும்.

"மாமா பேரு சொல்லுங்க."

"மாமா இல்ல சார்."

பேனாவைக் கீழே வைத்தார். "காலைல மாமா. மத்தியானத்துக்குள்ள ஒறவு அத்துப்போச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெல்லத்தான் பேசினார். "சட்டம் எதுக்குன்னு நெனச்சிய? ஒருத்தன் ஒங்க வீட்ல செத்தா, அவன் யாரு எவருன்னு தெரியாண்டாமா?"

முருகேசன் அப்பாவை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய தாளை முதலில் எழுதிக் கொடுத்தார். அடுத்து அதே பேனாவால் என் உரிமத்தைத் தள்ளுபடி செய்தார். மாடிக்குச் சீலும் வந்தது. ரொம்ப நாள் கழித்து, அபராதம் கட்டி, இனி வாடகைக்கு விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அது போனது.

குழி இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தது. திறந்த குழியை வெறுமனே மூடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளுக்குப் பதில் வாழையை வைத்து மூடவேண்டும். குழி வெட்டுகிறவர் என் மேல் இருந்த கோபத்தில், வேலியோரம் நின்ற மட்டி வாழையைத் தண்டாக வெட்டாமல், கிழங்கோடு பறித்துக் குழிக்குள் நிறுத்தி மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்.

அது துளிர்த்துவிட்டது.

என் அம்மாவின் தலைமாட்டில் இன்று ஒரு வாழைக்கூட்டமே நிற்கிறது. சபையில் ஒருவரும் அதில் கை வைப்பதில்லை. "ஒம்ம பம்பாய் மாமா குலை தள்ளியிருக்காரு, வந்து வெட்டிட்டுப் போரும்" என்று உபதேசியார் ஆள் விடுவார். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும்தான் சொல்லி விடுவார். ஸ்டெல்லாவோ வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுக்கும் முன், "பேரு என்னவாக்கும்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். சித்தியின் ஜெபத்தில் அண்ணன் பெயருக்கு அடுத்து இப்போது சுடலைமுத்து பெயர் வருகிறது.

முருகேசன் வருஷா வருஷம் அப்பாவின் நினைவு நாளை ஒட்டி வருவான். மாடியில் தங்குவான். போன தடவை அவன் தோளில் மட்டிக்குலையோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஆய்வாளரின் பைக் வந்து நின்றது.

"யாரு இது?"

"மச்சான் சார்."

"எந்த மச்சான்?"

"பம்பாய் மாமா மவன்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.