மஞ்சள் உருண்டைக்குப் பின்னால் என் பேத்தி

மரிக்கொழுந்து கலை மன்றத்தின் தலைவர், மதிப்புக்குரிய வடிவேலுத் தம்பி அவர்களுக்கு,

ஆங் மோ கியோவிலிருந்து மைமூன் பீவி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் நானும் என் முட்டிவலியும் சேர்ந்தே சுகமாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டாரும், உங்கள் மன்றத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வருகிற எல்லாரும் குறைவில்லாமல் இருக்க துவா செய்கிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைச் சொன்னால் தெரிந்துவிடும். மூத்த பேரன் ஸைஃப் பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் போலீசில் கட்டாய நேஷனல் சர்வீஸ் செய்கிறான், சட்டையை அவனே அயர்ன் பண்ணிக்கொள்கிறான். அவன் தம்பி உமைர் இன்னும் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் இருவரும் என் மகனுடைய பிள்ளைகள். என் மகள் ஹஸீனாவின் சின்னவன் அதீஃப் கிண்டர்கார்ட்டன் போகிறான், ராத்திரி பாயை நனைப்பதை இந்த நோன்புப் பெருநாளோடு விட்டுவிட்டான், அதுவும் ஒரு பாஸ்தானே தம்பி. அவனுடைய அக்காள் நஸீஹா, தொடக்கநிலை ஐந்து. போன மாதம் உங்கள் மன்றம் நடத்திய கதை சொல்லும் போட்டியில் முதல் பரிசு வாங்கினாளே, நெட்டையாக, ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு, அவள்தான். நான் அவளுடைய உம்மம்மா. இப்போது தெரிந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது சம்மதக் கடிதமா புகார்க் கடிதமா என்று எழுத உட்காரும்போது எனக்கே முடிவாகவில்லை. எழுதி முடிப்பதற்குள் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

போட்டி நடந்த அன்றைக்கு எனக்குக் கண்புரை ஆபரேஷன், நான் வரவில்லை. பிள்ளை கோப்பையோடு வந்தாள். என்ன கதை சொன்னாய் என்று கேட்டால் "அப்புறம் தெரியும் உம்மம்மா" என்றாள். சரி, போட்டோவாவது வரட்டும் என்று காத்திருந்து, உங்கள் ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது என்று உமைர் அனுப்பியதும், ஒரு கண்ணில் கட்டு இருந்ததால் சரியாகப் பார்க்காமலே காரைக்காலில் இருக்கும் என் மச்சிக்குத் தட்டிவிட்டேன். மச்சி என்றால் என் அண்ணன் மனைவி, அந்தக் காலத்துப் பத்தாவது பாஸ். அதை எந்தக் கல்யாண வீட்டிலும் பிரியாணி வருவதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். பத்து நிமிஷத்தில் அவள் குரல் வந்தது. "ஏன் மைமூனு, பேத்திக்கு மஞ்சக்காமாலையா? மூஞ்சி இப்படி உருண்டு போயிருக்கே." கட்டில்லாத கண்ணை வைத்துக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன் தம்பி. கையில் கோப்பை இருக்கிறது, ரெட்டைச் சடை இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் உருண்டை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு இருக்கிறது. பக்கத்தில் ரெண்டாம் பரிசு வாங்கின பையன் முகம் முழுசாக இருக்கிறது. செய்தியில் கோர்ட்டுக்கு அழைத்துப் போகிற ஆளுக்குத்தான் முகத்தை மறைத்துப் பார்த்திருக்கிறேன், முதல் பரிசு வாங்கின பிள்ளைக்கு மறைத்துப் பார்த்ததில்லை. ஹஸீனாவிடம் கேட்டால், "உம்மா, அதை மன்றத்துலயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

மன்றத்திலே கேட்டேன். தேக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, உங்கள் மாடிப்படியில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே மேசையில் மோகனப்பிரியா என்ற பிள்ளை இருந்தாள். தகவல் பாதுகாப்பு அவள் பொறுப்பு என்று மேசையில் எழுதி வைத்திருந்தது. நான் போனைக் காட்டி, இந்த உருண்டையை எடு என்றேன். அவள் பொறுமையாக, "நீங்க இந்தப் புள்ளைக்கு என்ன உறவும்மா? கொஞ்சம் உறுதிப்படுத்திக்கணும்" என்றாள். இதற்கு என்னத்தை உறுதி. "என் மூக்கைப் பாரு, அவ மூக்கைப் பாரு, ஒரே மூக்கு" என்றேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூக்கு உருண்டைக்குள்ளே இருந்தது.

சரி என்று நானே எல்லாம் சொன்னேன். பிள்ளை பிறந்த தேதி, ஆஸ்பத்திரி, பிறந்தபோது எடை, பள்ளிக்கூடம், வகுப்பாசிரியர் பெயர், எந்தப் பல் ஆடுகிறது, எங்கள் புளோக் நம்பர், வீட்டு நம்பர். பரதநாட்டிய வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மோகனப்பிரியா எழுந்தே வந்துவிட்டாள். "அம்மா, மெதுவா. எல்லார் காதுலயும் விழுதுலா." "விழட்டும், அதுக்குத்தானே சொல்றேன்" என்றேன். அவள் என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அம்மா, ஆங் மோ கியோன்னு சொன்னீங்க. உங்க வீட்டுல மிக்ஸி இருக்கா?"

எனக்கு அப்போதுதான் குரல் பிடிபட்டது. "நீதானா அந்தத் திருடி?"

இதை விளக்க வேண்டும் தம்பி. எங்கள் புளோக்குக்குக் கீழே போலீஸ்காரர்கள் வந்து மோசடியைப் பற்றிப் பேசி, ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள். யார் போன் பண்ணி உங்கள் பெயர், உங்கள் சொந்தத் தகவல் என்று கேட்டாலும் வைத்துவிடுங்கள் என்றார்கள். குடை வாங்கிய மறுவாரமே ஒரு போன். "அம்மா, கலை மன்றத்துலேருந்து பேசுறோம். உங்களப் பத்தின சொந்தத் தகவலுக்கு உங்க சம்மதம் வேணும். முழுப் பேரைச் சொல்லி உறுதிப்படுத்த முடியுமா?" போலீஸ்காரர் சொன்ன அதே வார்த்தை, வரி மாறாமல். நான் விடுவேனா. "உன் உம்மா வாப்பா உன்னை இதுக்குத்தான் வளர்த்தாங்களா? என் பேரன் போலீஸ்ல இருக்கான், பேரைச் சொல்லு" என்றேன். அந்தப் பிள்ளையும் பேரைச் சொன்னாள், அதை நான் நம்பவில்லை. மறுபடி கூப்பிட்டபோது யாசின் சூரா ஓதினேன், ஓதி முடியும்வரை அவள் மரியாதையாகக் காத்திருந்தாள், நான்தான் வைத்தேன். அதற்கடுத்த தடவை தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், போனை மிக்ஸி பக்கத்தில் வைத்துவிட்டு உப்புப் பார்க்கப் போய்விட்டேன். அது அத்தனையும் மோகனப்பிரியாதான். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க செஞ்சது சரிதாம்மா, தெரியாத நம்பர்ல யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது" என்றாள்.

பிறகு உருண்டையின் காரணத்தைச் சொன்னாள். நஸீஹா சொன்ன கதை என்னைப் பற்றியதாம். என் படிப்பும் என் உடம்பும் அதில் வருகிறதாம். கதையின் தலைப்பு மேடையில் பின்னால் பெரிதாகத் தொங்குகிறது. பிள்ளை முகம் தெரிந்தால், எங்கள் ஆட்களுக்கு உம்மம்மா யார் என்று தெரிந்துவிடும். ஹஸீனா போட்டோவுக்குச் சரி சொல்லிவிட்டாள். நஸீஹாதான், உம்மம்மா சம்மதம் சொல்லாமல் என் முகத்தைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். சரி, என்ன கதை, கேட்கிறேன் என்றேன். "பிள்ளை வீடியோ, அவங்க அம்மா சரின்னு சொன்னாத்தான் உங்களுக்கே காட்ட முடியும்" என்றாள். கதையை வெளியிட என் சம்மதம் வேண்டும், கதையைக் கேட்க நான் பெற்ற மகளின் சம்மதம் எனக்கு வேண்டும். வீட்டுக்குப் போன் போட்டோம். ஹஸீனா சரி என்றாள், போனை நஸீஹா பிடுங்கிக்கொண்டாள். "ஏண்டி, வீட்டுலயே என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். "நாங்க கேட்டா நீங்க எங்களுக்காக சரின்னுடுவீங்க உம்மம்மா. அதான் ஆபீஸ்ல கேக்கச் சொன்னேன்" என்றாள்.

வீடியோவைப் பார்த்தேன். தலைப்பைப் படித்தேன்: 'என் உம்மம்மாவும் நானும் ஒரே வகுப்பு.' பிள்ளை நிமிர்ந்து நின்று சொல்கிறாள். "எங்க உம்மம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சாங்க. நானும் இப்ப அஞ்சாவது. கிளினிக்லேருந்து இங்கிலீஷ்ல லெட்டர் வந்தா நான் படிச்சுச் சொல்லுவேன். தமிழ்ல எனக்குக் கதை வேணும்னா உம்மம்மா சொல்லுவாங்க. உம்மம்மாவுக்கு சுகர். கடலை மிட்டாயை அரிசி டின்னுக்குள்ள வெச்சிருப்பாங்க, அது எங்க வகுப்பு ரகசியம்." அரங்கமே சிரிக்கிறது, முன் வரிசையில் ஹஸீனா சிரிக்கவில்லை. போன மாதத்திலிருந்து டின்னில் வெறும் அரிசியாக இருந்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது, நான் எறும்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொல்கிறாள்: "அடுத்த வருஷம் நான் ஆறாவது போயிடுவேன். உம்மம்மாவ விட்டுட்டுத் தனியா போக எனக்கு இஷ்டமில்ல. அதனால ஆறாவது புத்தகத்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் திறப்போம்."

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பட்டுவிட்டது.

ஆனாலும் நான் உடனே சரி சொல்லவில்லை தம்பி. என் படிப்பு எதுவரை என்று புளோக்கில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உட்காருவேன், அவர்களாக ஒன்று நினைத்துக்கொள்வார்கள். மச்சிக்குத் தெரியும், ஆனால் உலகத்துக்கு என் பேத்தி வாயால் தெரிந்தபின் மச்சியின் வாயை யார் பிடிப்பது. மோகனப்பிரியா சொன்னாள், "வேணாம்னா வேணாம்மா. காரணம்கூட நீங்க சொல்லத் தேவையில்ல. இன்னைக்குச் சரின்னு சொல்லிட்டு நாளைக்கு வேணாம்னாலும் எடுத்துடுவோம்." என் ஆயுசில் என்னிடம் காரணம் கேட்காமல் வேண்டாம் என்று சொல்ல விட்ட முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். கையெழுத்து எல்லாரும் போடுவார்கள், நான் வீட்டில் யோசித்து என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசித்தாகிவிட்டது. ஆறாவது புத்தகத்தை என்னோடு திறக்க ஒரு பிள்ளை காத்திருக்கும்போது, அஞ்சாவதை ஒளித்து வைத்து என்ன செய்யப் போகிறேன். மச்சி பத்தாவது பாஸ், ஆனால் அவளோடு ஒரே வகுப்பில் இருக்க யாரும் மேடையேறிக் கேட்கவில்லை. ஆகவே மைமூன் பீவியாகிய நான் என் அறிவோடும் மனசோடும் சம்மதிக்கிறேன். படிப்பு இருக்கட்டும், சுகர் இருக்கட்டும், அரிசி டின்னும் இருக்கட்டும், டின்தான் காலியாகிவிட்டதே. என் பிள்ளை முகத்தில் இருக்கும் மஞ்சள் உருண்டையை எடுத்துவிடுங்கள். மோகனப்பிரியாவிடம் இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள், மிக்ஸியை அணைத்துவிட்டே பேசுகிறேன்.

பிறர் ரகசியத்தைத் தன் வீட்டு நகையைப் போலப் பூட்டி வைக்கிற உங்கள் மன்றம் தழைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உங்கள் மாடிக்கு ஒரு லிஃப்ட் வரட்டும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி நஸீஹாவின் வகுப்புத் தோழி,
மைமூன் பீவி

பி.கு.: உறையை ஒட்டுமுன் நஸீஹா படித்துப் பார்த்தாள். அதீஃபின் பாய் விஷயம் அவனுடைய சொந்தத் தகவலாம், அடிக்க வேண்டுமாம். மைப் பேனாவில் எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், நீங்களே படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள். இன்னொன்று, பழைய படம் வேண்டாம், கோப்பையோடு நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற புதுப் படம்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வருகிறோம். ஆனால் எனக்கு முன்பல் ரெண்டைப் பிடுங்கியிருக்கிறார்கள், கண்ணுக்கு வேறு பெரிய கறுப்புக் கண்ணாடி. இந்தக் கோலத்தை மச்சி பார்க்கக் கூடாது. ஆகையால் நஸீஹா முகத்திலிருந்து கழற்றுகிற அந்த மஞ்சள் உருண்டையைத் தூரப் போட்டுவிடாமல் என் முகத்தில் போட்டுவிடுங்கள். அதற்குப் பல் நன்றாக இருக்கிறது. எனக்குப் பல் கட்டி முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன், அப்போது உருண்டையை எடுத்துவிட்டு இன்னொரு புதுப் படம் போடுங்கள்.