பத்து வார்த்தைக்கு ஒரு கைகாட்டி

உள்ளங்கையில் எழுதிவைத்த பத்து வார்த்தைகளில் ஆறு வியர்வையில் கரைந்துவிட்டன. ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர் பதறிப்போய்க் கையைச் சட்டையில் துடைத்தார். மிச்சம் நாலும் சட்டைக்குப் போயின.

மருத்துவமனை அறையில், எதிர் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மறதி நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று போன வருடம் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை. பரிசோதகர் பத்து வார்த்தை வாசிப்பார். அரைமணி கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். போன தடவை ஆறு. அதற்குக் கீழே இறங்கினால் தையல்கடையில் அவளைத் தனியாக உட்கார விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை அவளுக்கு உயிர். அதனால்தான் பரிசோதகர் வாசிக்கும்போதே வார்த்தைகளைக் கையில் எழுதிக்கொண்ட இந்தத் திருட்டு வேலை.

"அப்ப படிச்ச வார்த்தையெல்லாம் இப்ப சொல்லுங்கம்மா," என்றார் பரிசோதகர்.

"ரயில்... எலுமிச்சை... ஜன்னல்..." அதோடு நின்றாள்.

பரிசோதகரின் முதுகுக்குப் பின்னால் நின்ற காவலருக்கு யானை ஞாபகம் வந்தது. மூக்கில் முழங்கையை வைத்துக் கையைத் தொங்கவிட்டு ஆட்டினார்.

"குழாய்," என்றாள் மனைவி.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் காதோரம் வைத்து வீசினார்.

"விசிறி."

சரி, யானை போகட்டும் என்று ஏணிக்குத் தாவினார். காற்றில் கால் வைத்து ஏறினார். இரண்டாவது படியில் குப்பைக்கூடை உருண்டது. பரிசோதகர் திரும்பிப் பார்த்தார்.

"கால் மரத்துப்போச்சும்மா," என்றார் காவலர்.

"உட்காருங்களேன் ஐயா."

உட்கார்ந்து இருமினார். இருமலுக்கு நடுவில் "ஏ... ணி" என்று ஒரு முனகல்.

"ஆணி," என்றாள் மனைவி.

கடைசியாகக் கதவு. இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டித் தள்ளினார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"அவருதான் நிப்பாட்டச் சொல்றாரு."

முப்பது வருடம் ஊரையே நிறுத்திய கை அது. பரிசோதகர் தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மார்க்கைப் பார்த்து அழுகிறார் போல என்று காவலர் நினைத்தார்.

மனைவி கை கழுவப் போன நேரத்தில் அவர் வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

"நான் சர்வீஸ்ல ஒரு பொய்க் கேஸ் போட்டதில்லம்மா. இன்னிக்கு என் சம்சாரத்துக்குத் துப்புக் குடுக்கறேன்னு போயி, வர்ற ஞாபகத்தையும் கெடுத்துட்டேன். மூணுதான் சொன்னா. சும்மா இருந்திருந்தா அவளே சொல்லியிருப்பா. இன்னொரு தடவை வைங்க, நான் வாசல்லயே நிக்கிறேன்."

மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "ஆறுன்னு இருக்கே ஐயா. போன தடவை மாதிரியேதான்."

"ஆறா? எப்படி?"

"செவ்வாய்க்கிழமை தங்கச்சியோட வந்து டெஸ்ட்டை முடிச்சுட்டுப் போயிட்டாங்களே, இன்னிக்கு வச்சது கணக்குலயே இல்ல, 'அவரு எனக்காக ஏதாவது செஞ்சாத்தான் அவருக்கு மனசு ஆறும், அவரு முன்னால சும்மா ஒரு தடவை வச்சு விடுங்க'ன்னு அம்மாதான் கேட்டு வாங்கினாங்க."