பியானோவுக்குப் போட்ட சாம்பிராணி

யானைத் தந்தம் என்பது பல்லா, எலும்பா?

இன்டர்மீடியட் வரை படித்தவள் நான். அதிலும் விலங்கியலில் நல்ல மார்க் (தயவுசெய்து சிரிக்காதீர்கள்). ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எலும்பு என்றால், தொட்டால் குளிக்க வேண்டும். பல் என்றால் தேய்க்க வேண்டும். நான் பல் என்று முடிவு செய்தேன். அதனால்தான் எல்லா வினையும் வந்தது.

அப்போது திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். இவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. முன்கட்டில் டெய்சி டீச்சர் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. தனி ஆள். வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்துவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து, அவர் வீட்டுக் கூடத்திலேயே குழந்தைகளுக்குப் பரீட்சை வைப்பார். குழந்தைகள் பாஸானால் அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் சேருவார்கள். ஆகாவிட்டால் இருப்பவர்களும் நின்றுவிடுவார்கள். டீச்சர் வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பரீட்சையில்தான் இருந்தது.

பரீட்சை நெருங்கும் நேரத்தில் அவருடைய அக்கா மகளுக்குப் பெங்களூரில் கல்யாணம். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

“பியானோவை மூடி வைக்காதே சைல்ட். வெளிச்சம் படாட்டி கட்டையெல்லாம் மஞ்சளாயிடும். சுத்தமா மட்டும் வெச்சுக்கோ. நான் வந்த மறுநாளே எக்ஸாம்.”

விரல் வைத்து அழுத்துகிறோமே, அதைத்தான் கட்டை என்றார். வெள்ளைக் கட்டைகளின் மேல் மெல்லிய தந்தத் தகடு ஒட்டியிருக்கும். சுத்தம் என்று அவர் சொன்னது தூசி தட்டுவதை. ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணிடம் அந்தச் சொல்லை அஜாக்கிரதையாகப் பேசக்கூடாது என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் அகராதியில் தண்ணீர் படாத எதுவும் சுத்தமில்லை.

அந்த வாரம் என் மாமியார் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசலோடு பஸ் ஏறி வந்தார். நான் டீச்சர் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, நடை பழகிக்கொண்டிருந்த என் பிள்ளை சீமாச்சு, முழங்கை வரை நெய்யும் வெல்லமுமாக வந்து, பியானோவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிவிட்டான்.

எனக்கு உயிரே போய்விட்டது. “அம்மா, இது ஆனைத் தந்தமாம். எலும்போ என்னவோ, தொடலாமா?” என்று மாமியாரைக் கேட்டேன்.

“ஆனை தினம் பெருமாளைச் சேவிக்கறதுடி. அதோட எலும்புக்குத் தீட்டு ஏது?”

ஆபீஸிலிருந்து வந்த இவரைக் கேட்டேன். “ஏன்னா, தந்தம் எலும்பா, பல்லா?”

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “வாயிலேர்ந்துதானே வரது? அப்ப பல்லுதான்.”

(நாக்குக்கூட வாயிலிருந்துதான் வருகிறது. எனக்கு அப்போது தோன்றவில்லை.)

பல் என்றால் பல்பொடி. எங்கள் வீட்டில் ரோஸ் நிறப் பல்பொடி. குழைத்து, ஒவ்வொரு கட்டையாகத் தேய்த்தேன். பல் தேய்த்தால் வாய் கொப்பளிக்க வேண்டாமா? அதற்கும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டேன். மாமியார் எட்டிப் பார்த்து, “இடுக்கிலே நன்னா விடு” என்றார். விட்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், நான் தேய்த்தது பல்லை, கிடைத்திருந்தது ஈறு. அத்தனை கட்டைகளும் ரோஸ். அழுத்தினால் உள்ளே போகிறது, மேலே வரவில்லை. நமுத்துப்போன அப்பளம் மாதிரி அப்படியே கிடக்கிறது. டீச்சர் வரும் நாளும் அதுதான்.

நான் அழுதேன். மாமியார் அழவில்லை. “இதுக்குப் போய் அழறியே! கொழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டா தலையை எப்படிக் காய வைப்பே?”

சாம்பிராணி. என் புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். பியானோவுக்குக் கீழே தணல் வைத்து, சாம்பிராணி போட்டு, தணல் மேல் கூடையைக் கவிழ்த்தோம். மாமியார் விசிறினார். நான் கட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். சிலது உயிர் பெற்று எழுந்தன. சூட்டில் பசை இளகி இரண்டு தகடுகள் கையோடு வந்தன. அந்த நேரத்தில், கையில் பெட்டியோடு டீச்சர் வாசலில் நின்றார்.

“மை காட்! என்னா சைல்ட் இது?”

“காய வைக்கறோம்” என்றார் மாமியார், விசிறுவதை நிறுத்தாமல்.

டீச்சர் பெட்டி மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் லேசாகச் சிரித்து வைத்தேன். அவர் கையை எடுத்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். “இந்த வருஷம் போச்சு” என்றார்.

சாயங்காலம் வரை மூன்று பேருமாகப் பாடுபட்டோம். தகடுகளை ஒட்டினோம். எல்லாக் கட்டைகளும் எழுந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அதுவும் எது? நட்டநடுவில், எல்லாக் குழந்தைகளின் பாட்டிலும் வருகிற கட்டை.

“நான் தூக்கி விடறேன் டீச்சர்” என்றேன்.

“எதை?”

“கட்டையை. அமுங்கறபோதெல்லாம்.”

மறுநாள் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு (பரீட்சைக்கு என்ன கட்டுவது என்று தெரியவில்லை) பியானோ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். “மை அசிஸ்டென்ட்” என்றார் டீச்சர், கண் இமைக்காமல்.

முதல் குழந்தைக்கு நான் அவசரப்பட்டுத் தூக்கியதில் என் விரல் நசுங்கியது. அடுத்தவளுக்குத் தாமதித்தேன். ஒரு ஸ்வரம் காணாமல் போய் அவள் அழப் பார்த்தாள். அப்புறம் பாட்டைக் கவனிப்பதை விட்டு, குழந்தையின் கட்டை விரலையே பார்த்தேன். அது இறங்க, நான் தூக்க, அது இறங்க, நான் தூக்க. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. கடைசிக் குழந்தை ரோஸ் நிற விரல்களோடு எழுந்ததும், வெள்ளைக்காரர் மூச்சை இழுத்து, அறை கோயில் போல மணக்கிறது என்றார். எல்லோரும் பாஸ். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்ட பிறகு மாமியாரையும் கட்டிக்கொண்டார். மாமியார் உடனே குளிக்கப் போனார்.

இன்றும் யாராவது வீட்டுக்கு வந்தால், “என் சம்சாரம். பியானோ அசிஸ்டென்ட்” என்றுதான் இவர் அறிமுகம் செய்கிறார். மாமியார் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்: “எங்க மாட்டுப்பொண் பியானோ வாசிப்பாள். ஒரே ஒரு கட்டை.”

அந்தக் கட்டையை ரிப்பேர் செய்ய டீச்சருக்குக் கடைசிவரை காசு சேரவில்லை; பரீட்சைக்குப் பரீட்சை நான்தான் தூக்கிவிட்டேன். போன வருஷம் அவர் ஆஸ்திரேலியாவுக்குத் தம்பியிடம் போய்விட்டார். போகும்போது பியானோவை எங்களிடம் தள்ளிவிட்டார். “இதோட வியாதி உனக்குத்தான் தெரியும் சைல்ட்.” சீமாச்சு இப்போது ஸ்கூலில் ஒரு டீச்சரிடம் கற்றுக்கொள்கிறான். சாயங்காலம் அவன் வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு கட்டையைத் தூக்கிவிடுகிறேன். அடுப்பில் குழம்பு கொதித்து வழிகிறது.

மெட்ராஸிலிருந்து வந்த ரிப்பேர்க்காரர் பார்த்துவிட்டு, அரை மணி நேர வேலைதான் என்கிறார். இவர் உடனே செய்துவிடலாம் என்கிறார். சீமாச்சு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். “அது சரியாயிட்டா நீ சமையலுக்குப் போயிடுவே.”

ரிப்பேர்க்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன், சரிசெய்துவிடலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா?