கதவு வலுவூட்டல் குழுவின் மாபெரும் வெற்றி

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பிழை. அது கதவில் தொடங்கியது; இன்னும் துல்லியமாகச் சொன்னால், கதவைத் தாங்கும் கீலில். இந்த உண்மையை முழுதாக உணர்ந்தவர் உலகில் ஒருவர்தான். அவரைத் தலைவர் என்றே அழைப்போம். வீட்டிலும் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் முப்பத்தொரு ஆண்டுகள் ‘பொதுமக்கள் குறை தீர்க்கும் பிரிவு’க்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவின் வாசலுக்குப் பார்த்துப் பார்த்துத் தேக்குக் கதவு போட்டவரும் அவரே. அவர் காலத்தில் அங்கே வந்த குறைகளின் எண்ணிக்கை பூஜ்யம். அதற்காகக் கொடுத்த கேடயம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஓய்வுக்குப் பின் அந்த நிர்வாகத் திறமை மொத்தமும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மேல் இறங்கியது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, வயது ஐம்பது.

எல்லாம் சரியாகிவிட்டது, கதவுகளைத் தவிர. திறந்தால் இரண்டு விரற்கடை தொங்கும். மூட வேண்டுமானால் முழங்காலால் ஒரு தூக்குத் தூக்க வேண்டும்.

செவிலியரான அவர் மனைவி அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“கடைசி நாள் ட்யூட்டி முடிஞ்சு வெளிய வரும்போது நீங்க இந்தக் கார்ல வரணும். எல்லாரும் பாக்க எனக்குக் கதவைத் திறந்து விடணும். முப்பத்து நாலு வருஷத்துல ஒருத்தரும் எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டதில்லங்க.”

“விடறேம்மா. ஆனா முறைப்படி செய்யணும்.”

முறைப்படி என்றால் குழு. மறுநாளே கார் ஷெட்டில் ‘கதவு வலுவூட்டல் உயர்மட்டக் குழு’ உதயமாயிற்று. நசுங்கிய வண்டிகளை நிமிர்த்தும் டிங்கர், ‘தொழில்நுட்ப வல்லுநர்’. மனைவி, ‘பயனாளர் பிரதிநிதி’. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்தே எல்லாக் கூட்டங்களும் நடந்ததால், அவருடைய ஒப்புதல் தடையின்றிக் கிடைத்தது.

முதல் கூட்டத்தில் வல்லுநர் நிலவரத்தை விளக்கினார். கீல் என்பது இரண்டு இரும்புத் துண்டு, அவற்றைக் கோத்திருக்கும் ஒரு பின். பின்னைச் சுற்றிப் பித்தளைக் குழல். குழல் தேய்ந்தால் கதவு ஆடும். கீலைத் தாங்கும் தூணோ வெறும் தகரம். ஐம்பது வருடம் கதவைச் சுமந்து அதுவும் விரிசல் விட்டிருந்தது.

“பின்னையும் குழலையும் மாத்தி, தூணுக்குப் பின்னால கனமா ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சா போதும் சார். ரெண்டு நாள் வேலை.”

“ரெண்டு நாள்ல முடிஞ்சுட்டா அப்புறம் குழு எதுக்குய்யா?”

நியாயமான கேள்வி. ஒரு தகடு மூன்று தகடு ஆயிற்று. நான்காம் கூட்டத்தில் பூட்டுக்கும், பூட்டு கவ்வும் கொக்கிக்கும் தனித்தனியே தகடுகள் ‘அனுமதிக்கப்பட்டன’. எந்தத் திருடனாலும் அசைக்க முடியாது என்றார் தலைவர்.

“சார், கூரையே இல்லாத வண்டி. திருடன் எதுக்குக் கதவு வழியா வரப்போறான்?”

“அது அவனோட ஒழுக்கம். நம்ம கடமையை நாம செய்யணும்.”

ஆறாம் கூட்டத்தில் வல்லுநர் ஒரு ‘மாற்றுக் கருத்தை’ முன்வைத்தார். கார் அப்போது கதவுகளுக்கு நேர் கீழே வைத்த ஸ்டாண்டுகளின் மேல் இடுப்புயரத்தில் இருந்தது.

“கீழ இறக்கி, டயர்ல நிக்கறப்பதான் கதவைப் பொருத்தணும் சார். கூரையில்லாத வண்டி மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி, வளையும். இப்போ நடுவுல தாங்குறோம், ரெண்டு முனையும் தொங்குது. அதனால கதவுக்கான இடம் மேல்பக்கம் விரிஞ்சிருக்கு. டயர்ல இறக்கினா நடு தொங்கும், அந்த இடம் சுருங்கும். கதவு மாட்டிக்கும்.”

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். தரையில் நிற்கும் காரின் கீலை ஆய்வு செய்ய அவர் குனிய வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் இடுப்புக்கு அந்தப் பழக்கமே இல்லை.

“உசரத்துலயே பொருத்துங்க. ஏகமனதா நிறைவேறிடுச்சு.”

உண்மையைச் சொல்ல வேண்டும்: வேலை அற்புதம். கதவைச் சுற்றிலும் ஒரே அளவாக, நகம் நுழையும் இடைவெளி. மூடினால் பெட்டகம் மூடுவது போல ஒரு ‘தொம்’. தலைவர் அதை நாற்பது தடவை மூடிக் கேட்டார்.

மனைவி ஓய்வு பெறும் நாளன்று மதியம்வரை அறிக்கை எழுதப்பட்டது. பிறகு ‘இறக்கு விழா’. தலைவர் ஏறி அமர்ந்து இரண்டு கதவுகளையும் மூடிக்கொண்டார். டிங்கர் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளை உருவி, மெல்ல இறக்கினார். டயர்கள் தரையைத் தொட்டதும் இரண்டு கதவுகளும் சேர்ந்தாற்போல் ‘க்ரக்’ என்றன.

“கேட்டியா? உறுதி பேசுது!”

“பேசல சார், முனகுது.”

தலைவர் கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பூங்கொத்தோடு மனைவி. பின்னால் இருபது செவிலியர்கள், இருபது செல்போன்கள். தலைவர் கம்பீரமாக நிறுத்தி, இறங்கிப் போய்க் கதவைத் திறந்து விடுவதற்காகத் தம் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி பணிவாக வந்தது. கதவு வரவில்லை. தோளால் முட்டினார். எட்டி மனைவி பக்கத்துக் கதவைத் தள்ளினார். வெளியிலிருந்து மனைவி இழுத்தார். வாட்டசாட்டமான இரண்டு செவிலியர்கள் சேர்ந்து இழுத்தார்கள். பழைய தகரமாக இருந்திருந்தால் சற்று விட்டுக்கொடுத்திருக்கும். குழுவின் தகடுகள் தீர்மானத்தில் நின்றன.

“என்னங்க, கதவு?”

“அசையாதும்மா! மூணு பேரு இழுத்தும் ஒரு இம்மி நகர்ந்துச்சா பாரு!” வியர்வையிலும் அவர் முகம் மின்னியது.

“அக்கா, ஸ்டூல் கொண்டு வரட்டுமா?” என்றாள் இளம் செவிலி ஒருத்தி.

ஸ்டூல் வந்தது. மனைவி பூங்கொத்தைத் தலைவர் மடியில் போட்டார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், அந்த மாபெரும் கதவை ஒரே எட்டில் தாண்டி உள்ளே உட்கார்ந்தார். கைதட்டல் தெருமுனைவரை கேட்டது.

“சொல்லும்மா,” என்றார் தலைவர். “கதவுல ஏதாவது குறை உண்டா?”

மனைவி நிதானமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முப்பத்தொரு வருஷமா உங்க ஆபீசுக்கு ஒரு குறைகூட வரலன்னு கேடயம் குடுத்தாங்களே, எப்படிடா வராம இருக்கும்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஏங்க, அங்கயும் கதவு போட்டது நீங்கதானே?”